உயிருக்கு ஒரு ஷில்லிங்

1914-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தெற்கு வேல்ஸின் கேர்ஃபில்லி நகர நீதிமன்றம் ஒரு சுரங்க மேலாளருக்கு அபராதம் விதித்தது. நிரூபணமான குற்றங்கள் அனைத்துக்கும் சேர்த்து 24 பவுண்டு. அவர் பொறுப்பில் இருந்த யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கத்தில் முந்தைய ஆண்டு அக்டோபரில் 439 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அவர்களைத் தேடி உள்ளே இறங்கிய மீட்புப் பணியாளர் ஒருவரும் பாறை விழுந்து செத்தார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அபராதத் தொகையை இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தது. தலைக்கு ஒரு ஷில்லிங், ஒன்றே கால் பென்னி வந்தது.

அந்தச் சுரங்கம் இருந்த ஊரின் பெயர் செங்ஹெனித். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இத்தனை உயிரை ஒரே அடியில் கொண்டுபோன விபத்து வேறு கிடையாது. அதனால் அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துக்கத்தில் தொடங்கித் துக்கத்திலேயே முடிக்கிறார்கள். துக்கம் உண்மைதான். ஆனால் செங்ஹெனித்தின் கதையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், ஒப்பாரியைத் தாண்டி ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும்: 1913 ஜனவரி 1. சட்டம் குறித்துக் கொடுத்த கெடு அது. அந்தக் கெடு தள்ளிப்போடப்பட்டது. தள்ளிப்போட்ட கெடுவும் தாண்டிப்போனது. இரண்டே வாரத்தில் சுரங்கம் வெடித்தது.

கேர்ஃபில்லியிலிருந்து வடமேற்கே நாலு மைலில், அபெர் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிறது செங்ஹெனித். 1890-க்கு முன் அங்கே ஆட்டு மந்தைகளும் சிதறலாகச் சில பண்ணை வீடுகளும்தான். 1891-ல் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். 1894-ல் கேர்ஃபில்லியிலிருந்து ரயில் பாதை வந்தது. 1896-ல் நிலக்கரி மேலே வந்தது. கரியைத் தொடர்ந்து ஜனம் வந்தது. வேல்ஸின் கிராமங்களிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மலைச்சரிவை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த வரிசை வீடுகள் எழும்பின. தேவாலயங்கள் வந்தன, கடைத்தெரு வந்தது. ஒரு தலைமுறைகூட ஆகாத ஊர் அது. பிழைக்க வந்தவர்களின் ஊர்.

யுனிவர்சல் சுரங்கத்துக்கு இரண்டு குழிகள். ஒன்றுக்கு லங்காஸ்டர் என்று பெயர், மற்றதற்கு யார்க். ஒவ்வொன்றும் 1,950 அடி ஆழம். கீழே கரி வெட்டிய பகுதிகளுக்குத் தென்னாப்பிரிக்கப் போர்க்களங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள்: மேஃபெக்கிங், லேடிஸ்மித், கிம்பர்லி, பிரிட்டோரியா. சுரங்கம் வளர்ந்த காலமும் போயர் போர் நடந்த காலமும் ஒன்று. ‘நேற்று லேடிஸ்மித்தில் வேலை’ என்று ஒருவர் சொன்னால், அவர் சொந்த ஊருக்கு இரண்டாயிரம் அடி கீழே இருந்தார் என்று பொருள்.

அந்தக் கரிக்கு ஏன் அத்தனை கிராக்கி? தெற்கு வேல்ஸின் நிலக்கரி அதிக வெப்பம் தரும், புகை குறைவு. போர்க்கப்பலுக்கு இது உயிர்நாடி. புகை எழும்பினால் எதிரி தொலைவிலேயே கண்டுகொள்வான். பிரிட்டிஷ் கடற்படை தன் கொதிகலன்களுக்கு இதைத்தான் விரும்பி வாங்கியது. தமிழர்களுக்கு இதை எம்டன் கப்பலை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல், கரிக்காகக் கடலில் அலைந்துகொண்டிருந்தது. முன்னதாக அதற்குக் கிடைத்திருந்த இந்திய நிலக்கரி புகைந்து தள்ளியது. சென்னையைத் தாக்கிய ஐந்தாம் நாள் ‘பியூரெஸ்க்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை எம்டன் பிடித்தது. உள்ளே ஆறாயிரம் டன்னுக்கு மேல் வேல்ஸ் நிலக்கரி. எம்டனின் கேப்டனுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்திருக்க முடியாது. செங்ஹெனித் போன்ற ஊர்களில் வெட்டிய கரியின் பேரில்தான் அன்றைய கடல் வணிகமும் கடற்போரும் ஓடின. 1913-ல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் 5 கோடியே 68 லட்சம் டன் கரி எடுத்தன. அந்த வட்டாரத்தின் உச்சம் அதுதான். அதற்குப் பிறகு அந்த அளவை அது எட்டவேயில்லை.

சுரங்கத்தின் அதிபர் வில்லியம் தாமஸ் லூயிஸ். பின்னாளில் மெர்தர் பிரபு. நிலக்கரியின் சந்தை விலை ஏறினால் கூலியும் ஏறும், இறங்கினால் கூலியும் இறங்கும் என்ற ஏற்பாட்டை 1870-களில் தெற்கு வேல்ஸில் நிலைநிறுத்தியவர் அவர். விலை விழுந்தபோதெல்லாம் தொழிலாளியின் வீட்டில் அடுப்பின் சூடும் இறங்கியது. 1898-ல் நடந்த நீண்ட கதவடைப்பில் தொழிலாளர்கள் தோற்றார்கள். தோல்வியின் சூட்டிலேயே தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கினார்கள். ஆக, 1913-ல் செங்ஹெனித்தில் இருந்தவர்கள் விதியே என்று கிடந்த அப்பாவிகள் இல்லை. சங்கம் கட்டத் தெரிந்தவர்கள், கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்களையும் சட்டத்தால் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதல் எச்சரிக்கை 1901-லேயே வந்துவிட்டது. மே 24, விடியற்காலை. இரவு ஷிப்ட் முடிந்து பெரும்பாலோர் மேலே வந்துவிட்டார்கள். பராமரிப்பு வேலைக்காக 82 பேர் உள்ளே இருந்தார்கள். வெடிப்பில் 81 பேர் செத்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். சுரங்கக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட லாயக்காரர். செத்துக் கிடந்த தன் குதிரைக்குப் பக்கத்தில் நினைவிழந்து கிடந்தவரை மீட்பவர்கள் கண்டெடுத்தார்கள். விசாரணையில் காரணம் தெளிவாகவே வந்தது: கரித்தூசு. தண்ணீர் தெளித்து அடக்கியிருக்க வேண்டிய தூசு அடக்கப்படவில்லை.

இந்தத் தூசு விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நிலக்கரிப் படுகையில் மீத்தேன் வாயு அடைபட்டுக் கிடக்கும். பாறை பிளக்கும்போது வெளியே கசியும். காற்றில் அது நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆனால் வாயு வெடிப்பு அது எழுந்த இடத்தைச் சுற்றித்தான் நாசம் செய்யும். மைல் கணக்கில் சுரங்கத்தை அழிப்பது தூசு. முதல் வெடிப்பின் அதிர்வில் தரையிலும் சுவரிலும் கூரைத் தாங்கிகளிலும் படிந்திருக்கும் கரித்தூசு மேலே கிளம்புகிறது. பின்னாலேயே வரும் நெருப்பு அதைப் பற்றுகிறது. அது வெடித்து அடுத்த பகுதியின் தூசைக் கிளப்புகிறது. இப்படி ஒன்றை ஒன்று ஊட்டிக்கொண்டு நெருப்பு ஓடும். நெருப்பு எட்டாத இடத்தில் இருப்பவர்களைப் பிறகு வரும் கார்பன் மோனாக்சைடு கொல்லும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதனால்தான் மீட்புப் படையினர் கூண்டில் பறவைகளைக் கொண்டுபோனார்கள்.

தூசின் பங்கு யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்ததா? கிடையாது. வில்லியம் காலோவே என்ற சுரங்கப் பொறியாளர் 1870-களிலேயே இதே தெற்கு வேல்ஸில் சோதனைகள் செய்து எழுதிவிட்டார். சுரங்க முதலாளிகளில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். ஏற்றால் செலவு. தூசை அள்ள ஆள் வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும், தூசு சிந்தாத வண்டிகள் வேண்டும்.

1910 அக்டோபரில் மேஃபெக்கிங் பகுதியில் கூரை சரிந்து ஏராளமாக வாயு கிளம்பியது. வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. யாரும் சாகவில்லை. இரண்டாவது எச்சரிக்கை.

அடுத்த ஆண்டு, 1911-ல், நாடாளுமன்றம் புதிய நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தை இயற்றியது. தரை, கூரை, பக்கச் சுவர் மூன்றிலும் படியும் தூசை முறையாக நீக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இன்னொன்றும் சொன்னது. ஒவ்வொரு சுரங்கத்தின் காற்றோட்ட விசிறியும், தேவைப்பட்டால் காற்றின் திசையை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். காரணம் இதுதான். வெளிக்காற்று ஒரு குழி வழியாக உள்ளே போய், சுரங்கமெங்கும் சுற்றி, மறு குழி வழியாக வெளியேறும். காற்று நுழையும் பக்கத்தில் தீப்பிடித்தால், உயிர் கொடுக்க வேண்டிய அந்தக் காற்றே புகையையும் விஷ வாயுவையும் தள்ளிக்கொண்டு போய்த் தொழிலாளிகளின் முகத்தில் அடிக்கும். திசையை மாற்ற முடிந்தால் புகை வந்த வழியே திரும்பும். இதற்கான கெடுதான் 1913 ஜனவரி 1. யுனிவர்சல் சுரங்கத்தில் அந்த வேலை நடக்கவில்லை. அரசின் சுரங்க ஆய்வுத் துறை செப்டம்பர் வரை நீட்டிப்புக் கொடுத்தது. செப்டம்பரும் போனது. விசிறி பழையபடியே சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. நீட்டிப்புக் கொடுத்த அதிகாரி கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. வேலை முடியவில்லை என்று கம்பெனி சொன்னது, சரி என்று ஒரு கோப்பில் கையெழுத்து விழுந்தது. எந்த அலுவலகத்திலும் எந்த நாளும் நடப்பது. ஆனால் அந்த ஒன்பது மாதமும் இரண்டாயிரம் அடி ஆழத்தில் நாளுக்கு நூற்றுக்கணக்கான பேர் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கெடுவைத் தள்ளிப்போடலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கரி எடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று கம்பெனியிடமும் யாரும் சொல்லவில்லை. விசிறி வேலைக்கு நீட்டிப்புக் கேட்டவர்களுக்கு, அதற்காகக் கரியில் ஒரு டன்னைக்கூட இழக்க வேண்டியிருக்கவில்லை.

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. அதிகாலை மூன்று மணியிலிருந்து வாயுப் பரிசோதகர்கள் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அவரவர் பகுதியின் தூரத்துக்கு அந்த நேரம் போதாது என்பது பின்னால் வந்த விமர்சனம். ஐந்தே கால் வாக்கில் தொடங்கி ஆறு மணி வரை கூண்டு இறங்கி ஏறியது. ஏறக்குறைய 950 பேர் கீழே போனார்கள். எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு நிலம் குலுங்கியது. லங்காஸ்டர் குழியிலிருந்து எழுந்த அடி, மேலே இருந்த மரத்தளத்தை நொறுக்கி, அங்கே வேலையில் நின்ற தொழிலாளியைக் கொன்றது.

மேலாளர் எட்வர்ட் ஷா கோழை இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஓர் உதவியாளரோடு யார்க் குழி வழியாக முதலில் உள்ளே இறங்கியது அவர்தான். வழி நெடுக வளைந்து தொங்கிய இரும்புத் தூலங்களை விலக்கிக்கொண்டு அடியை அடைந்தார். கிழக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களை மேலே அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் அப்படித் தப்பினார்கள். மேற்குப் பக்கம் திரும்பினால் நெருப்பு. காற்று உள்ளே போகும் பாதையில், சரியாகச் சட்டம் பயந்த அதே இடத்தில், தீ எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போதுமான தண்ணீர் வசதி கிடையாது. சிறு தீயணைப்புக் கருவிகளை வைத்துக்கொண்டு போராடினார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில், போர்த் என்ற ஊரில், சுவாசக் கருவிகளோடு பயிற்சி பெற்ற மீட்புப் படை தயாராக இருந்தது. அவர்களைக் கூப்பிடவே நேரம் பிடித்தது. இந்தத் தாமதத்தைப் பின்னர் விசாரணையிலும் விளக்க முடியவில்லை.

விசிறியைத் திருப்பும் வசதி இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? இதில் கருத்து வேறுபாடு உண்டு. திருப்பியிருந்தால் வெடிக்கும் வாயு தீயை நோக்கி இழுக்கப்பட்டு மறுபடியும் வெடித்திருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமையைத்தான் சட்டம் கேட்டது. அன்று காலை குழிக்கடியில் நின்றவர்களுக்கு அந்த உரிமையே இல்லாமல் போனது.

முதல் இரவு கழிவதற்குள் ஒதுக்குப்புறமாக ஒரு பகுதியில் 18 பேரை உயிரோடு கண்டுபிடித்தார்கள். ஊர் முழுக்கக் குழிவாசலில் நின்றது. இன்னும் வருவார்கள் என்று நின்றது. பிறகு உயிரோடு யாரும் வரவில்லை.

கிளாஸ்கோவைச் சேர்ந்த பென்டன் என்ற புகைப்படக்காரர் அந்த நாட்களில் செங்ஹெனித்துக்கு வந்து எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. ஒன்றில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் உடம்போடு சேர்த்துக் கட்டிய சால்வைக்குள் ஒரு கைக்குழந்தை. பின்னால் கூட்டம். சிறுமியின் முகத்தில் அழுகை இல்லை. பெரியவர்கள் குழிவாசலில் நிற்கும்போது வீட்டுக் குழந்தையைச் சுமப்பது அவள் வேலை. அவள் அதைச் செய்கிறாள். பிரிட்டனில் மிக அதிகமாக மறுபதிப்பான சுரங்கப் படங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

இறந்தவர்களில் 60 பேர் இருபது வயது நிரம்பாதவர்கள். எட்டுப் பேருக்குப் பதினாலு வயது. அப்பாவை இழந்த குழந்தைகள் 542. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் விதவையானார்கள். ஒரு வீட்டில், ஏற்கெனவே கணவனை இழந்த ஒரு தாய் தன் மூன்று மகன்களையும் ஒரே நாளில் இழந்தாள். கடைக்குட்டிக்குத்தான் அந்தப் பதினாலு வயது.

வெடிப்புக்கு மறுநாள், அக்டோபர் 15, லண்டனில் அரச குடும்பத்துத் திருமணம். கன்னாட் இளவரசர் ஆர்தருக்கும் ஃபைஃப் சீமாட்டிக்கும். மன்னர் 500 பவுண்டு நன்கொடை அனுப்பினார். மணமக்களுக்கு வந்த பரிசுகளை செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் காட்சிக்கு வைத்து, நுழைவுக் கட்டணத்தைச் செங்ஹெனித் நிதிக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங். அதில் 1,200 பவுண்டு சேர்ந்தது. கொடுத்தவர்களின் மனசை யாரும் குறை சொல்ல முடியாது. பொதுமக்கள் திரட்டிய நிதிகள் அதைவிடப் பலமடங்கு வந்தன. ஆனால் அரண்மனைப் பரிசுகளைப் பார்க்கக் கொடுத்த கட்டணமும், ஒன்பது மாதம் கழித்து நீதிமன்றம் ஓர் உயிருக்குத் தீர்த்த விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன என்பதைக் கணக்குப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது.

குடும்பங்களுக்கு இழப்பீடே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. 1906-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உழைத்துப்போட்டவரை இழந்த குடும்பத்துக்கு அதிகபட்சம் 300 பவுண்டு வரை தரச் சொன்னது. பணம் விதவையின் கைக்கு நேராக வராது. மாவட்ட நீதிமன்றம் வாங்கி வைத்துக்கொண்டு, பொருத்தமென்று பட்டபடி கொடுக்கும். புருஷன் உழைத்த கூலிக்கு ஈடாக வந்த பணத்தை எடுக்கப் பெண்சாதி நீதிமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

1914 ஜனவரியில் அரசின் விசாரணை தொடங்கியது. தலைமை சுரங்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் விசாரித்தார். இரு பக்கத்திலும் இருவர் அமர்ந்தார்கள். ஒருவர் சுரங்க முதலாளிகள் சங்கத்தின் தலைவர் இவான் வில்லியம்ஸ். மற்றவர் பிரிட்டன் முழுவதற்குமான சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் ராபர்ட் ஸ்மைலி. முதல் பொறி எங்கே எழுந்தது என்பதை உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. பாறை உரசியிருக்கலாம், மின் சமிக்ஞைக் கம்பியில் தெறித்த பொறியாக இருக்கலாம். ஆனால் பொறிக்குப் பிறகு நடந்ததில் மர்மம் எதுவும் இல்லை. தரையில் கிடந்த தூசை அள்ளியிருக்கிறார்கள். கூரையிலும் சுவர்களிலும் தாங்கிகளிலும் படிந்த தூசு அப்படியே இருந்தது. சட்டம் மூன்றையும் சொல்லியிருந்தது. 1901-ல் 81 பேரைக் கொன்ற அதே காரணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே சுரங்கத்தில் இடம் இருந்தது.

பிறகு வழக்கு. ஷா மீது 17 குற்றச்சாட்டுகள், கம்பெனி மீது 4. பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஷாவுக்கு 24 பவுண்டு. கம்பெனி எல்லாவற்றிலிருந்தும் விடுவிக்கப்பட்டது. ஆய்வுத் துறை மேல்முறையீடு செய்தபோது ஒரே ஒரு குற்றம் நிலைத்தது: காற்றின் திசையை மாற்றும் வசதியைச் செய்யவில்லை. அதற்கு அபராதம் 10 பவுண்டு. வழக்குச் செலவு 5 பவுண்டு 5 ஷில்லிங்.

பத்து பவுண்டு. ஒரு பெரிய சுரங்கத்தின் காற்றோட்ட ஏற்பாட்டை மாற்றியமைக்க ஆகும் செலவின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், அன்றைய சட்டம் எங்கே ஓட்டையாக இருந்தது என்பது விளங்கும். விதிகளை எழுதியவர்களுக்குச் சுரங்கம் தெரிந்திருந்தது. அவர்கள் தூசை அறிந்திருந்தார்கள், காற்றை அறிந்திருந்தார்கள், ஆபத்தைச் சரியாக முன்கூட்டியே கண்டார்கள். விதியை மீறுவதன் விலையை மட்டும் அதற்குக் கீழ்ப்படிவதன் விலையைவிடக் குறைவாக விட்டுவிட்டார்கள். கணக்குப் போடத் தெரிந்த எந்தக் கம்பெனியும் இதில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனி மனிதரைக் குற்றவாளியாக்கி நிறுவனத்தை விடுவிப்பதும் அதே ஓட்டைதான். செலவுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ள இயக்குநர் குழு எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. மெர்தர் பிரபு அதே 1914 ஆகஸ்டில் காலமானார். அந்த மாதம் பிரிட்டன் உலகப் போரில் இறங்கியிருந்தது. பத்திரிகைகளில் செங்ஹெனித்துக்கு இடம் இல்லாமல் போனது.

ஊர் என்ன செய்தது? வேலைக்குத் திரும்பியது. வெடித்து ஏழு வாரத்துக்குள், நவம்பர் கடைசியில், சுரங்கம் மறுபடி திறந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். செங்ஹெனித்தில் வேறு தொழில் கிடையாது. கடைத்தெரு, வாடகை வீடு, தேவாலயக் காணிக்கை எல்லாம் அந்தக் குழிகளை நம்பித்தான் இருந்தன. அப்பாவை விழுங்கிய குழிக்குள் மகன் இறங்கினான், ஏனென்றால் அம்மாவுக்கும் தம்பி தங்கைகளுக்கும் சோறு அங்கேதான் இருந்தது.

அந்தக் குழி 1928-ல் மூடப்பட்டது. வெடிப்பு மூடவில்லை, சந்தை மூடியது. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. வேல்ஸ் கரிக்கு இருந்த வெளிநாட்டுச் சந்தைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. முப்பத்திரண்டே ஆண்டு கரி தந்த சுரங்கத்துக்காக உருவான ஊர், சுரங்கமில்லாமல் நின்றது. தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வேலையின்மை கொடிகட்டிப் பறந்த காலம் அது. பலர் இங்கிலாந்துப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கில் சற்றுக் கீழே, அபெர்ட்ரிட்வரில் இருந்த விண்ட்சர் சுரங்கம் பிழைப்புக் கொடுத்தது. 1964-ல் பயணிகள் ரயில் நின்றது. 1986-ல் விண்ட்சரும் மூடியது. அபெர் பள்ளத்தாக்கில் நிலக்கரியின் காலம் அதோடு முடிந்தது. ஊர் மட்டும் இன்னும் இருக்கிறது. வரிசை வீடுகள் இருக்கின்றன. யுனிவர்சல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி நடக்கிறது.

அந்தப் பள்ளியருகே 1981-ல் சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் கோபுரத்தின் சிறு மாதிரியை நினைவுச் சின்னமாக நட்டார்கள். வெடிப்பின் நூற்றாண்டு நாளில், 2013 அக்டோபர் 14 அன்று, வேல்ஸின் தேசிய சுரங்க நினைவகம் அதே ஊரில் திறக்கப்பட்டது. மீட்புப் பணியாளர் ஒருவர் உயிர்பிழைத்த தொழிலாளியைத் தாங்கிப் பிடிக்கும் வெண்கலச் சிலை, லெஸ் ஜான்சன் வடித்தது. சுற்றிலும் தோட்டம், இறந்தவர்களின் பெயர் பொறித்த ஓடுகள் பதித்த சுவர். வேல்ஸின் மற்ற சுரங்க விபத்துகளுக்கும் அங்கே தனித்தனியாக நினைவு உண்டு. உள்ளூர் மக்களே முன்னின்று பணம் திரட்டிச் செய்த காரியம் அது. வரலாற்றைத் தங்கள் கையால் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்த மரியாதை செய்தாலும் தகும்.

ஆனாலும் அந்தச் சுவரில் இடம் பெற வேண்டியவை இன்னும் உண்டு என்று வாதிடத் தோன்றுகிறது. பெயர்களின் பக்கத்திலேயே 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விதியும், 1913 ஜனவரி 1 என்ற தேதியும், செப்டம்பர் நீட்டிப்பும், பத்து பவுண்டு அபராதமும் பொறிக்கப்பட வேண்டும். பெயர்களை மட்டும் படிக்கிற பிள்ளைக்கு ‘பாவம், இத்தனை பேர் செத்துப்போனார்கள்’ என்று புரியும். தேதிகளையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைக்கு ‘இது ஏன் நடந்தது’ என்று கேட்கத் தோன்றும். அந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு இரண்டாவது கேள்வியும் சொத்துதான். கல்வெட்டில் சாவின் எண்ணிக்கையை வெட்டி, காரணத்தை விட்டுவிட்டால், வெடிப்பு என்பது மழை புயல் மாதிரி தானாக வந்து போன ஒன்றாகிவிடும்.

இது வெறும் நினைவுச் சின்னப் பிரச்சினை இல்லை என்பதற்கு வடக்கு வேல்ஸே சாட்சி. செங்ஹெனித்துக்கு இருபத்தோரு ஆண்டு கழித்து, 1934 செப்டம்பர் 22 அன்று, ரெக்ஸம் அருகே கிரெஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்தது. 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலான உடல்களை மேலே கொண்டுவரவே முடியவில்லை. சுரங்கத்தின் அந்தப் பகுதியை அப்படியே அடைத்து மூடிவிட்டார்கள். காற்றோட்டத்தை அளந்து எழுத வேண்டிய பதிவேடுகளில், அளக்காத நாட்களுக்கும் பின்னால் எண்களைப் போட்டு நிரப்பியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளோடு வழக்கு நடந்தது. ஏறக்குறைய எல்லாம் தள்ளுபடியாயின. 1937-ல் ரெக்ஸம் நீதிமன்றம், பதிவேடுகளைச் சரியாக வைக்காத குற்றத்துக்கு மட்டும் தண்டனை விதித்தது. அபராதம் 140 பவுண்டு, வழக்குச் செலவு 350 பவுண்டு. கேர்ஃபில்லியில் போட்ட அதே வகுத்தலை இங்கும் போட்டால், தலைக்குப் பத்தரை ஷில்லிங் வருகிறது. இடையில் கடந்திருந்த இருபத்து மூன்று ஆண்டில், வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் உயிருக்கு நீதிமன்றம் கூட்டிக்கொடுத்த விலை அவ்வளவுதான்.